ஒரு தாழ்ப்பாளுக்கு வந்த மொய்

பவுனின் இரண்டு கைகளும் எண்ணெயில் இருந்தன. நீட்டிய கால்களின் மேல் குப்புறக் கிடந்த குழந்தைக்கு அன்று நாற்பத்திரண்டாவது நாள். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு, தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக இன்னோர் இழுப்பு. குழந்தை அழவில்லை. பவுன் கையில் குழந்தைகள் அழுவது குறைவு. அழுதாலும் அவள் நிறுத்தமாட்டாள் என்பது அவற்றுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும்.

புனே நகரின் ஔந்தில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது தளம். குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு குழந்தையின் தாய் கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பெண். சாஃப்ட்வேர் கம்பெனி வேலையில் மூன்று மாத விடுப்பு. அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு பகலில் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் பவுன்தான். அதற்குக் கைம்மாறாகப் பவுனின் சங்கத்துக்கு நிதி கேட்டு ஒரு விண்ணப்பம் தட்டிக் கொடுக்கிறாள். தில்லியில் பெண்கள் இயக்கங்களுக்கு நிதி கொடுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம். பதினான்கு பக்கக் கேள்வித்தாள் அனுப்பியிருந்தது.

"அடுத்ததுங்க்கா. பயனாளிகள் எத்தனை பேருன்னு கேட்டிருக்காங்க."

"யாரு அது பயனாளி?"

"அடி வாங்கீட்டு உங்க ரூமுக்கு வர்ற பொம்பளைங்க."

"அடி வாங்குனவளுக்குப் பயனாளின்னா பேரு வச்சிருக்காங்க? அடிச்சவனுக்கு என்ன பேரு போட்டிருக்கு பாரு."

கீர்த்தி மேலும் கீழும் தேடினாள். "அவனுக்குக் கட்டமே இல்லீங்க்கா."

"நெனச்சேன். அடுத்தது கேளு."

"சஸ்டெயினபிளிட்டிங்க்கா. அதாவது, நாளைக்கு அவங்க காசு நின்னு போச்சுன்னா நீங்க எப்படித் தொடர்ந்து நடத்துவீங்கன்னு."

பவுன் குழந்தையை மல்லாக்கத் திருப்பினாள். "இன்னும் குடுக்கவே இல்ல. நிறுத்துறதப் பத்தி இப்பவே பேச்சா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கே அத்துவிடுறதப் பத்திப் பேசுவானா ஒருத்தன்?"

"என்ன எழுதட்டுங்க்கா?"

"அத விட்டுவையி. தண்ணி ஆறுது."

அந்தக் கட்டம் காலியாகவே நின்றது.

பவுன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. 1968இல் பதினெட்டு வயதில் பரமசிவத்துக்கு வாழ்க்கைப்பட்டு, புனேயில் கட்கிக்கு வந்தாள். பரமசிவம் அங்கே ஆயுதத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பிள்ளை பிறக்கவில்லை. ஐந்து வருடம் கோயில், மூன்று வருடம் டாக்டர், அப்புறம் இரண்டையும் நிறுத்திவிட்டு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாத ஆயா பயிற்சியில் சேர்ந்தாள். அன்றிலிருந்து பிறர் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து வயிற்றுக்குத் துணி கட்டுவதும்தான் தொழில். இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. எந்த வீட்டிலும் உள்ளறை வரை போகலாம். புடவையை விலக்கி முதுகைத் தேய்க்கிறவளுக்கு எது பிரசவ வலி, எது பெல்ட்டுத் தழும்பு என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அப்படித் தழும்பு பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், 1993இல் அவளும் தையற்காரி ஜமீலாவும் சேர்ந்து கட்கி பஜாருக்குப் பின்னால் ஒரு சாளில், வரிசையாக அறைகள் கொண்ட பழைய மாடிக் கட்டடத்தில், ஒற்றை அறை பிடித்தார்கள். ஜமீலா வாணியம்பாடிக்காரி. தமிழில் முத்துமுத்தாக எழுதுவாள். அறையில் அவளுடைய தையல் மிஷின், ஒரு இரும்புக்கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு நோட்டு. வீட்டில் இருக்க முடியாதவள் வந்து இரண்டு நாளோ இருபது நாளோ இருக்கலாம். வந்தவள் பெயர், அடித்தவன் பெயர், தேதி, என்ன நடந்தது என்பதை ஜமீலா நோட்டில் எழுதுவாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்றால் பவுன் கூடப் போவாள். அங்கிருந்த இரண்டு ஏட்டுகளின் பிள்ளைகளை அவள்தான் குளிப்பாட்டியிருந்தாள். பெண்கள் மாதம் பத்துப் பத்து ரூபாயாகப் போட்டு வாடகையைக் கட்டினார்கள். அந்த அறைக்குப் 'பவுன் ரூம்' என்று பெயர். சில கணவன்மார்கள் வேறு பெயர்களும் வைத்திருந்தார்கள். அவை நமக்கு வேண்டாம்.

ஒரு கணவன் உதைத்ததில் அறையின் உள்தாழ்ப்பாள் பிய்ந்து போய் நான்கு வருடம் ஆகிறது. வேறு போட வீட்டுக்காரர் சுனில் விடவில்லை. "கதவு என்னோடது மாவ்ஷி, ஓட்டை போடாதீங்க" என்பார் மராத்தியில்; மாவ்ஷி என்றால் சித்தி. எனவே ராத்திரியானால் உள்ளே இருப்பவள் தையல் மிஷினைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் படுப்பாள். 2002ஆம் வருடம் அப்படி முட்டுக் கொடுத்தவள் ருக்மிணி. வயது இருபத்திரண்டு. கையில் ஏழு மாதப் பெண் குழந்தை. அவள் புருஷன் ரவிசந்திரன் கேபிள் டிவி நடத்துகிறவன். கட்கியில் பாதி வீட்டுக்கு அவன் கம்பிதான் போகிறது. அவன் இரண்டு முறை வந்து கதவைத் தள்ளிப் பார்த்திருந்தான். இரண்டு முறையும் மிஷின் அரையடி நகர்ந்தது. ஜமீலா அதன் காலுக்குச் செங்கல் வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் மே மாதம் சுனில் வந்து தலையைச் சொறிந்தார். சைபர் கஃபே வைக்க ஒரு ஆள் இருபதாயிரம் முன்பணம் தருகிறானாம். "நீங்க இருபது வைங்க மாவ்ஷி, நீங்களே இருங்க. ஜூன் பத்து வரை பாக்கிறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது." அவர் கெட்டவரில்லை. அவருக்குக் கூடுதல் பணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இருபதாயிரம். தில்லியிலிருந்து வந்தால் போதும். அந்த மாதமே தில்லிக்காரர்கள் புனேயில் ஒரு பெரிய ஹோட்டலில் நிதி திரட்டுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். பவுனும் ஜமீலாவும் போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சணல் பை, பேனா, ஃபைல். ஏ.சி. குளிரில் பவுன் பயிற்சி முழுக்க முந்தானையைப் போர்த்திக்கொண்டே இருந்தாள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் ஹோட்டல் மேனேஜரைப் பிடித்து, அந்த ஹாலுக்கு ஒருநாள் வாடகை என்னவென்று விசாரித்தாள். கடைசியில் 'இந்தப் பயிற்சியில் நீங்கள் கற்றது என்ன?' என்ற தாளில் ஜமீலாவை விட்டு எழுதவைத்தாள்: இந்த ஹாலின் ஒருநாள் வாடகை எங்கள் அறைக்கு இரண்டு வருட வாடகை என்று கற்றோம்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பத்தே நாளில் பதில் வந்தது. கீர்த்தி படித்துச் சொன்னாள்.

"உங்க வேலை அவங்க மனசத் தொட்டிருச்சுங்களாம். மூணு வருச ஆடிட் கணக்கு வேணுமாம். அடுத்த நிதியாண்டுல பரிசீலிக்கிறாங்களாம்."

"அது எப்ப வரும்?"

"ஏப்ரல்லதானுங்க்கா."

"இது மே." பவுன் துண்டை உதறிக் குழந்தையைச் சுற்றினாள். "மனசத் தொட்டுச்சாம். கையத் தொட்டிருந்தா ஆகும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். தொழிற்சாலைக்காரர் வீடு, நம் ஊர் முறைப்படி எல்லாம். சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே மேசை போட்டு ஒருவர் மொய் எழுத, இன்னொருவர் மைக்கில் சொல்கிறார். பரமசிவம் வரிசையில் நின்று, காதைத் தீட்டிக் காத்திருந்து, "கட்கி பரமசிவம், மொய் நூத்தியொண்ணு" என்று மைக் சொன்னதும் முகம் மலர்ந்து நகர்ந்தார். கட்கித் தமிழர் வீட்டில் அவர் மொய் எழுதாத கல்யாணமோ காதுகுத்தோ கிடையாது. போட்டதையெல்லாம் மூன்று நோட்டுகளில் எழுதித் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். மொய் என்பது போட்டால் திரும்பி வரும். நம் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தால் போதும், வாங்கினவன் அதற்கு மேலேயே கொண்டுவந்து வைப்பான். பரமசிவம் வீட்டில்தான் முப்பத்துநான்கு வருடமாக விசேஷமே இல்லை.

பவுனுக்குப் பின்பந்தியில் யாரோ சொன்னார்கள்: "பாவம்யா. போட்டுக்கிட்டே இருக்கான் மனுசன். வாங்குறதுக்கு வழியில்ல."

பவுன் இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்தில் இருந்த ஜமீலா முழங்கையால் இடித்தாள். "என்னக்கா?"

"சாப்புடு. வீட்டுக்குப் போயிச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் முதலில் புருஷனிடம் போனாள்.

"உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு. ஏன்?"

"தொழிற்சாலைக்கு?"

"அறுபது. அதான் முப்பத்தொண்ணாந்தேதி ரிட்டயர்டு ஆகுறேன்ல."

பதினாறு வயதில் வேலை கேட்டு வந்தவரிடம் குமாஸ்தா, பதினெட்டு இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார். சரி, பதினெட்டு என்றார் பரமசிவம். பிறந்தநாள் தெரியாது என்றதும் குமாஸ்தா ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். அவர் கையால் அதே தேதியில் பிறந்தவர்கள் கட்கியில் எழுபது பேராவது இருப்பார்கள்.

"அப்ப ஜூன் ரெண்டு, ஞாயித்துக்கெழம, உங்களுக்கு அறுபதாங்கல்யாணம்" என்றாள் பவுன்.

"ஏய், அது பொய்யில்ல?"

"சர்க்காரு உங்களுக்கு அறுபதுன்னு சொல்லித்தான வீட்டுக்கு அனுப்புது? பொய்யின்னா பென்சனும் வேணாம்னு எழுதிக் குடுங்க."

அதன் பிறகுதான் மொய்ப்பணம் எதற்கு என்று சொன்னாள். பரமசிவத்தின் முகம் சுருங்கியது. தகரப்பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அது எம் மொய்யி."

"ரவிசந்திரன் கல்யாணத்துக்கு ஐநூத்தியொண்ணு வச்சீங்களே, அது யாரு காசு?"

பரமசிவம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மூணு புள்ளைகளக் குளிப்பாட்டுன காசு. மைக்குல சொன்னது யாரு பேர?"

பரமசிவம் ஒரு பீடி பிடித்து முடிக்கிற வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அறுபதாங்கல்யாணம்னா எனக்குப் பட்டுவேட்டி உண்டா?"

"மாலையும் உண்டு."

"அப்ப சரி."

பத்திரிகை அடித்தார்கள். அதில் பவுன் ஒரு வேலை செய்தாள். கட்கியில் உள்ள அத்தனை தமிழ்க் குடும்பத் தலைவர்களின் பெயரையும் 'தங்கள் வரவை விரும்பும்' பட்டியலில் போட்டுவிட்டாள். பத்திரிகையில் பெயர் வந்தவன் காய்ச்சலில் கிடந்தாலும் வருவான். பட்டியலுக்கு அடியில், அதே அளவு எழுத்தில், ஒரு வரி: 'விழாவில் சேரும் மொய் முழுவதும் பவுன் ரூமின் வாடகை முன்பணத்துக்குச் சேரும்.'

"இதப் படிச்சா ஒரு பய வரமாட்டான்" என்றார் பரமசிவம்.

"படிக்க மாட்டாக. பேரு இருக்கான்னு பாப்பாக, சோறு எத்தன மணிக்குன்னு பாப்பாக. நீங்க மட்டும் என்ன, இதுவரைக்கும் ஒரு பத்திரிகைய முழுசாப் படிச்சிருக்கீகளா?"

பரமசிவம் யோசித்துப் பார்த்தார். படித்ததில்லை.

வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். அவள் சொன்னபடியேதான் நடந்தது. எல்லோரும் பத்திரிகையைப் பிரித்ததும் தங்கள் பெயரைத் தேடினார்கள். ரவிசந்திரன் மூன்றாவது வரியில் தன் பெயரைக் கண்டு மகிழ்ந்து, "மண்டபத்துக்கு வேணும்னா என் மைக் செட்ட எடுத்துக்கங்க" என்றான். எடுத்துக்கொண்டார்கள். கடைசி வீட்டுக்காரர் தன் இனிஷியல் தப்பாக வந்துவிட்டதென்று கால்மணி நேரம் சண்டை பிடித்தார். அவர் விரல் வைத்துக் காட்டிய எழுத்துக்கு நேர் கீழேதான் அந்த வரி இருந்தது.

மண்டபம் என்றால் சாளின் முற்றம்தான். ஷாமியானா ஒருத்தியின் அண்ணனுடையது. அண்டா, குண்டான், ஜமுக்காளம் எல்லாம் இரவல். இதுவரை அந்த அறையில் தங்கிப் போன பெண்கள் நாற்பது பேர் விடியற்காலையிலேயே வந்து காய் நறுக்கினார்கள். ருக்மிணி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு சாம்பாருக்குப் பொறுப்பு. யாரும் யாரையும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பரமசிவம் பட்டுவேட்டியில் மாப்பிள்ளையாகவே ஆகிவிட்டார். தாலி கட்டும்போது கை நடுங்கியது. "போன தடவ இப்புடி நடுங்கலயே" என்றாள் பவுன் வாய்க்குள். "போன தடவ உன்னத் தெரியாதுல்ல" என்றார் அவரும் வாய்க்குள்.

மொய் மேசையில் உட்கார்ந்தவளைப் பார்த்துத்தான் முதல் முணுமுணுப்பு. ஜமீலா. புது நோட்டின் முதல் பக்கத்தில் பரமசிவம் பிள்ளையார் சுழி போட்டுக் கொடுக்க, அதற்குக் கீழே கோடு கிழித்து அவள் தயாராக இருந்தாள். பக்கத்தில் பித்தளை அண்டா, எதிரே ரவிசந்திரனின் மைக்.

"பொம்பளையா மொய் எழுதுறது?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"கையெழுத்து நல்லாருக்கும்ணே" என்றாள் பவுன். "அண்ணன் பேர அச்சடிச்ச மாதிரி எழுதுவா. எம்புட்டு, நூத்தியொண்ணா?"

நூற்றியொன்று கொண்டுவந்தவர் நூற்றைம்பத்தொன்றாக்கினார். வரிசை நகர்ந்தது. ஜமீலா ஒவ்வொரு பெயராக எழுதினாள், மைக்கில் சொன்னாள். இடையிடையே எழுதுகிற கை ஒரு நொடி நின்று பிறகு ஓடியது. அந்தப் பெயரை அவள் முன்பே இன்னொரு நோட்டில் எழுதியிருக்கிறாள் என்று பவுனுக்கு மட்டும் தெரிந்தது.

ஆண்கள் சாப்பிடப் போன பிறகு பெண்கள் சிலர் மேசைக்கு வந்தார்கள். முதலில் வந்தவள் ஐம்பத்தொரு ரூபாயைச் சுருட்டி நீட்டினாள்.

"பேரு?"

"மாரியப்பன் வீட்டம்மான்னு போடுங்க."

"மாரியப்பன் இப்பத்தான் வச்சிட்டுப் போனாரு. இது யாரு காசு?"

"எங்காசு. அகர்பத்தி உருட்டுனது."

"அப்ப உம் பேரச் சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். "பட்டு."

"பட்டு, மொய் ஐம்பத்தொண்ணு!" என்றது மைக். பந்தியில் வடையோடு வாய்க்குப் போன மாரியப்பன் கை பாதியில் நின்றது. அதற்குள் பட்டுவின் பின்னால் வரிசை கூடியிருந்தது.

ரவிசந்திரன் கடைசியில்தான் வந்தான். வெள்ளைச் சட்டை, இடுப்பில் செல்ஃபோன். ஐநூற்றியொன்று அவன் திருப்பிச் செய்யவேண்டியது. ஆனால் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, மைக்கும் அவனுடையது. "ஆயிரத்தொண்ணு" என்றான். ஜமீலா சொன்னதை நிமிர்ந்து நின்று முழுசாகக் கேட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தான்.

அவன் பக்கத்து இலையில் கண்புரை ஆப்பரேஷன் செய்துகொண்ட பெரியவர் ஒருவர் இருந்தார். புதுக்கண் எப்படித் தெரிகிறது என்று ஒரு வாரமாகக் கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறார். இதைப் பவுன் கணக்கில் எடுக்கவில்லை. பெரியவர் மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தார். முதல் வரியிலிருந்து தொடங்கினார். பெயர்களையெல்லாம் விடாமல் படித்தார். கடைசி வரியையும் படித்தார்.

"என்னது, இன்னொரு தடவ படிங்க" என்றான் ரவிசந்திரன்.

சாம்பார்ச் சாதம் ஒட்டிய கையோடு மேசைக்கு வந்தான். "மொய்யத் திருப்பிக் குடு!"

ஜமீலா மைக்கை அணைக்கவில்லை. அவன் குரல் முற்றம், மாடி, பஜார் முனை வரை போனது. பந்தி அப்படியே நின்றது. மொய்யை யாரும் இதுவரை கட்கியில் திருப்பிக் கேட்டதில்லை. கல்யாணத்தில் கைகலப்பு நடந்திருக்கிறது, மாப்பிள்ளை ஓடியிருக்கிறான்; இது நடந்ததில்லை.

பவுன் அண்டாவைப் பார்த்தாள். அவன் எடுத்தால் அடுத்தவனும் எடுப்பான். எடுத்து முடித்தால் ஜூன் பத்தாம் தேதி ருக்மிணி போக இடமில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள், வாழ்நாளில் யாரையும் எதிர்த்துப் பேசாத பரமசிவம் மாலையைச் சரிசெய்துகொண்டு குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, எழுதுன மொய்ய எடுக்கக் கூடாதுப்பா." அவருக்கு உண்மையிலேயே பதறியது. முப்பத்துநான்கு வருடம் அவர் நம்பியது இது ஒன்றைத்தான். "நீ ஒரு விசேசம் வையி. நான் நேர்ல வந்து, மேல போட்டுத் திருப்பிச் செய்றேன். அதான் மொற."

"எனக்கு என்ன விசேசம் இருக்கு?"

"ஏன், ஏழு மாசப் பொம்பளப்புள்ள இருக்குல்ல" என்றாள் பவுன். "காது குத்து."

எல்லோரும் சமையல் பக்கம் திரும்பினார்கள். ருக்மிணி கையில் சாம்பார் வாளியோடு நின்றாள். பவுன் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"காதுகுத்து நான் வக்கிறேன்" என்றாள் ருக்மிணி. வாளியைக் கீழே வைத்தாள். "கார்த்திகையில. பத்திரிகை வரும். உங்க பேரும் போடுறேன், எங்க அண்ணன் பேருக்குக் கீழ."

முதலில் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. பிறகு, தன்னை மறந்து, இனிஷியல் சண்டைக்காரர் சிரித்தார். ரவிசந்திரன் சாம்பார் காய்ந்த கையை வேட்டியிலேயே துடைத்துக்கொண்டு வெளியேறினான். அவன் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர் மேசையருகே வந்து ஜமீலாவிடம் மெதுவாக ஏதோ கேட்கப் பார்த்தார்கள். அவள் மைக்கை அவர்கள் வாய்க்கு நேராக நீட்டினாள். "இதுல சொல்லுங்கண்ணே. கேக்கல." அவர்கள் கேசரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கீர்த்தி குழந்தையோடு வந்திருந்தாள். மொய் என்றால் என்னவென்று அவளுக்கு ஊரில் பார்த்து அரைகுறையாகத் தெரியும். "அக்கா, இதையெல்லாம் நீங்க திருப்பிச் செய்யோணுமுங்களா?"

"பழசுக்குச் சரியாப் போச்சு. மேல வச்சதெல்லாம் இனிமே எங்க கடன். ஒவ்வொருத்தன் வீட்டு விசேசத்துக்கும் ரூம் பேர்ல போயி வைக்கணும். தீர முப்பது வருசம் ஆகும்."

கீர்த்தி அண்டாவை எட்டிப் பார்த்தாள். "அப்ப முப்பது வருசத்துக்கு இந்த ரூம் இருக்கோணும்னு அவங்க எல்லாருமே நெனப்பாங்க. அக்கா, அந்தக் காலிக் கட்டம்..."

"எழுதிக்கோ" என்றாள் பவுன், இலைகளைச் சுருட்டிக்கொண்டே. "ஊரு பூராவுக்கும் கடன்பட்டிருக்கோம், எங்கள விடமாட்டாகன்னு."

மறுநாள் திங்கட்கிழமை. தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் பரமசிவம் பழக்கத்தில் எழுந்து சட்டையை மாட்டி, போக இடமில்லை என்று நினைவு வந்து, கட்டிலில் உட்கார்ந்தார். பவுனும் ஜமீலாவும் அதற்குள் சுனில் வீட்டு வாசலில் இருந்தார்கள். மஞ்சள் கறை பட்ட ஐம்பதுகளையும் பத்துகளையும் பார்த்துச் சுனில் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் சில்லறையா இருக்கே மாவ்ஷி."

"ஆளும் சில்லறைதான் தம்பி. இருபதாயிரம் இருக்கு, எண்ணிக்கங்க." எண்ணி முடித்து அவர் சீட்டு எழுத உட்கார்ந்தபோது சொன்னாள்: "இன்னைக்குக் கதவுல நாலு ஓட்டை போடப்போறேன்."

சுனில் பணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அஞ்சு கூடப் போட்டுக்கங்க."

பஜாரில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போய்ப் புருஷன் மடியில் போட்டாள். பரமசிவத்துக்கு உயிர் வந்தது. அறைக்குப் போய், அளந்து, அரத்தால் அரை நூல் தேய்த்து, திரும்ப அளந்து, அரைமணி வேலையை ஒன்பதரை வரை இழுத்துப் போட்டார். ஜமீலா தையல் மிஷினின் காலடியிலிருந்து செங்கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். எல்லோரும் வெளியே வந்ததும் ருக்மிணி கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். திறந்தாள். மறுபடியும் போட்டாள். அப்புறம் திறக்கவில்லை.

பரமசிவம் பையைத் தடவினார். ஸ்க்ரூ முடுக்கிய திருப்புளியை அறைக்குள்ளேயே விட்டிருந்தார். கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நாந்தாம்மா."

"நாந்தான்னா?"

"பரமசிவம்."

"எந்தப் பரமசிவம்?"

ஔந்துக்கு பஸ் பிடிக்கவேண்டிய பவுன் எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உதவிக்குப் போகவில்லை. பரமசிவம் அவளைப் பார்த்தார், ஜமீலாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"பவுன் வீட்டுக்காரரு."

தாழ்ப்பாள் சத்தமில்லாமல் திறந்தது.